சாணத்துக்கு அடியில் மருந்து

இந்த வீட்டில் தமிழ் பேசினாலும் படிப்பது கன்னடம்தான் என்று, நோட்டீஸை அச்சுக்குக் கொடுக்கும் முன் நான் ஏன் விசாரித்துத் தெரிந்துகொள்ளவில்லை? ஜவளகிரியில் கெம்பம்மாவின் வீட்டுச் சுவரில் மாலை வெயில் விழுகிறது. மலேரியாவைத் தடுக்க சுகாதாரத் துறையிலிருந்து நாங்கள் அடித்த கொசு மருந்து, புதிதாக மெழுகிய சாணத்துக்கு அடியில் கிடக்கிறது. ‘மருந்தடித்த சுவரை ஆறு மாதம் மெழுகாதீர்கள்’ என்று நான் தமிழில் எழுதிய நோட்டீஸ், காலியான தொட்டிலுக்கு மேலே அதே சுவரில் ஒட்டியிருக்கிறது. “யுகாதிக்கு மெழுகாம இருப்போமாம்மா? கொசுப் படம் நல்லா இருந்துச்சு, கொழந்த பாக்கட்டும்னு ஒட்டுனேன். பத்து நாள் குளிர்காய்ச்சல்ல போயிட்டான்” என்கிறாள் கெம்பம்மா. என்னோடு வந்த மூத்த ஆய்வாளர் சுந்தரேசன் படிவத்தை நீட்டுகிறார். “நோட்டீஸ் கைக்கு வந்திருக்கே மேடம். ‘செய்தி சேர்ந்தது’ன்னு கையெழுத்துப் போடுங்க.” கெம்பம்மா என் முகத்தையே பார்க்கிறாள். நான் பேனாவை மூடுகிறேன். “சேரலீங்க” என்கிறேன்.