இடப்பக்கம் விழாத பூ

மேடையேற இன்னும் நான்கு மணி நேரம் இருக்கிறது. யோக்யகர்த்தா பல்கலைக்கழக அரங்கில் விடுரி ஜாவா அரண்மனை நடனத்தின் கடைசி ஒத்திகை ஆடுகிறாள். அவளுக்கு முடியாமல் போனால் ஆடுவதற்கென்று பயின்ற நிங்ரும் என்பவள் கீழே உட்கார்ந்து கண் இமைக்காமல் பார்க்கிறாள். தரையில் புரளும் உடைத்தலைப்பை விடுரி பாதத்தால் எத்த, அதில் மறைத்திருந்த ரோஜா இதழ்கள் விளக்கொளியில் எழும்பி, தாளத்துக்கு அடித்த பெரிய வெண்கலத் தட்டின் அதிர்வு அடங்கும்வரை மெல்ல இறங்குகின்றன. அவள் முகத்தில் சலனமே இல்லை. "ஏம்மா, பூவெல்லாம் வலப்பக்கமே கொட்டுறியே, இடப்பக்கத்து ஆளுங்க டிக்கெட் வாங்கலையா?" என்கிறார் மத்தளம் வாசிக்கும் விக்ன்யோ. எல்லோரும் சிரிக்கிறார்கள். விடுரியும் சிரித்தபடி இறங்கி வந்து, நிங்ருமின் தோளை அழுத்திப் பிடித்து உட்காருகிறாள். தன் கொண்டைப் பூவை எடுத்து அவள் தலையில் செருகுகிறாள். "என்னக்கா இது?" என்கிறாள் நிங்ரும். "இன்னிக்கு நீதான் ஆடணும். இடப்பக்கம் எத்தணும்னா வலது கால்ல நிக்கணும். என்னால நிக்க முடியலடி."