சிவப்பு பட்டனும் ஒரு கரண்டியும்

"அந்தக் கரண்டியைக் கழட்டிடுங்க ரோசலின்" என்றார் மேற்பார்வையாளர் ஜெபசிங். "நாளைக்கு மெஷின் கம்பெனிலருந்து பார்க்க வர்றாங்க. வடிவமைச்சவங்க அனுமதி இல்லாம எதையும் மாட்டக் கூடாதாம்."

காசிமேட்டு மீன் கூடத்தில் ஐஸ் உடைக்கும் இயந்திரம் அது. அதை நிறுத்தும் சிவப்பு பட்டனின் மேல் ரோசலின் ஒரு கரண்டியைக் கம்பியால் கட்டியிருந்தார். முழங்கையால் கரண்டியை இடித்தாலே பட்டன் அமுங்கி இயந்திரம் நின்றுவிடும்.

"ஐஸ்ல மரத்துப்போன கையால அந்தப் பொட்டு சைஸ் பட்டனை எப்டி சார் தேடி அமுக்கறது? போன வருசம் இதே மெஷின்ல நம்ம கூட வேல செஞ்ச பேபிக்கு விரலு போச்சே, மறந்துட்டீங்களா?"

பக்கத்தில் நின்ற லுப்னா குறிப்பேட்டைத் திறந்தாள். இயந்திரங்களை வடிவமைப்பவர்களின் பொறுப்பு எதுவரை என்பது பல்கலைக்கழகத்தில் அவளுடைய ஆய்வு.

"இந்த மெஷின வரைஞ்சவங்களப் பத்தி என்ன நினைக்கிறீங்கக்கா?"

"அவனா? ஏசி ரூம்புல குந்திகினு காஞ்ச கையோட வரைஞ்சிருப்பான். ஒரு நாளு மீனு அள்ளியிருந்தா தெரிஞ்சிருக்கும் அந்தப் பேமானிக்கு!"

லுப்னா ஓர் எழுத்து விடாமல் எழுதிக்கொண்டு ஜெபசிங்கிடம் திரும்பினாள்.

"கரண்டி இருக்கட்டும் சார். அனுமதியை நான் எழுதித் தர்றேன்."

"நீங்க யாரும்மா அனுமதி தர்றதுக்கு?"

"இந்த மெஷினை வரைஞ்சதே நான்தான். விரல் போன சேதி கேட்டப்புறம்தான், கம்பெனில லீவு போட்டுட்டு இந்த ஆராய்ச்சியில சேர்ந்தேன்."

ரோசலின் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒரு மீன் பெட்டியை அவள் முன்னால் கவிழ்த்துப் போட்டார்.

"குந்து. இன்னும் நாலு கோளாறு கீது, எழுதிக்கோ."