பூக்கிழங்கின் கால்

பள்ளிக்கூடத்து மதிலோரம் ஈரமணலில் காலை வெயில் மினுங்குகிறது. பூத்ததும் விற்று, போலியோவை ஒழிக்கும் நிதிக்குக் கொடுப்பதற்காகப் பிள்ளைகள் வெங்காயம் போன்ற பூக்கிழங்குகளை நடுகிறார்கள். பக்கத்துக் கடலின் இரைச்சலையே அமுக்கிவிடுகிறது அவர்களின் சத்தம். ஸுஹைறா டீச்சர் கதிரையில் உட்கார்ந்திருக்கிறார். சின்ன வயதில் போலியோ வந்து சூம்பிப்போன இடது கால், செருப்பில்லாமல் மணலைத் தொட்டபடி இருக்கிறது. குந்தியிருந்து தானும் தோண்ட ஆசைப்பட்டு, அவரது விரல்கள் அபாயாவின் நுனியைப் பிசைகின்றன. அவரது வகுப்புச் சிறுமி அஸ்மியா ஒரு கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். “டீச்சர், இதுக்குக் கால் எங்க?” “மண்ணுக்குள்ள வெச்சாத்தான் மகள், கால் முளைக்கும்.” “மெய்யாவா?” “ஓம்.” அஸ்மியா கிழங்கைக் கீழே வைக்கிறாள். இரண்டு கைகளாலும் ஈரமணலை அள்ளி, டீச்சரின் சூம்பிய பாதத்தை மூடத் தொடங்குகிறாள். டீச்சர் காலை இழுக்கவில்லை. “கொஞ்சம் தண்ணியும் ஊத்துங்க, மகள்” என்கிறார்.