முகவரிக் கட்டம்

“சார், சாவுப் படிவங்களை எல்லாம் வெளியே எடுங்க. உக்காந்து எண்ணணும்.”

அதிகாரியின் கையிலிருந்த தேநீர் வாய்க்குப் போகும் வழியிலேயே நின்றது. பக்கத்து மேஜையில் தட்டச்சு அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். சுகாதாரப் புள்ளிவிவர அலுவலகத்தில் படிவம் கேட்ட இந்தப் பெண் சேர்ந்த முதல் நாளே அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ‘இங்க லீவு கேளு, மின்விசிறி கேளு, அந்த அலமாரிப் படிவத்தை மட்டும் கேக்காதே. கேட்டா அவரும் எண்ணணும். எண்ணுறதுன்னாலே அவருக்குக் காய்ச்சல் வந்துடும்.’

சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அதற்குள் அவளுக்கு ‘மிளகாய்’ என்று பெயர் விழுந்துவிட்டது. அதிகாரிக்கு ஏற்கெனவே ‘சராசரி’ என்று ஒரு பெயர் உண்டு. எதைக் கேட்டாலும் ஒரு சராசரியைச் சொல்லி நழுவிவிடுவார். இன்று காலை மிளகாய் இரண்டு பெரிய பைகள் நிறைய மாவும் சோப்பும் மெழுகுவத்தியுமாக வந்து இறங்கியபோதே, “என்னடி, கடை வைக்கப் போறியா?” என்று கேலி செய்தாள் அக்கா. அவள் பைகளை மேஜைக்கு அடியில் தள்ளினாள். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

“ஏம்மா, மணி பதினொண்ணு” என்றார் அதிகாரி. “பன்னெண்டுக்குப் பட்டியல் மேலே போகணும். எந்த வார்டுல நோய்ச் சாவு அதிகமோ, அதைச் சாயங்காலம் ஆறு மணிக்குத் தகரம் அடிச்சு ஒரு மாசம் மூடப் போறாங்க. டாக்டர், மருந்து, டெஸ்ட் வண்டி எல்லாம் அங்கதான் போகும். ஏழாம் வார்டுன்னு டைப் அடிச்சாச்சு. இனிமே என்னத்த எண்ணப் போறே?”

“ஏழாம் வார்டுல எத்தனை சாவு சார்?”

“மூணு மாசத்துல முந்நூத்தி நாப்பது. சராசரியாப் பாத்தா…”

“அங்க இருக்கிறதே நானூறு பேர்தான். அப்போ மிச்சம் அறுபது பேரா சார் காலையில தண்ணி லாரியை மறிச்சு அவ்வளவு பெரிய சண்டை போட்டாங்க?”

அக்கா சிரிப்பை இருமலாக மாற்றினாள். இந்த நோய்க் காலத்தில் சிரிப்பதைவிட இருமுவது ஆபத்து என்பது நினைவுக்கு வர, அதையும் பாதியில் விழுங்கினாள்.

அதிகாரிக்கு விஷயம் பளிச்சென்று விளங்கிவிட்டது. ஏழாம் வார்டு என்றால் பெரிய ஆஸ்பத்திரியும் அதன் பின்னால் இருக்கும் கூலிக்காரர் குடியிருப்பும்தான். இவளோ வீட்டிலேயே முதல் பட்டதாரி. ‘எங்க அப்பா மூட்டை தூக்குறவர்’ என்று சேர்ந்த அன்றே நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவள். வேறு எங்கிருந்து வரப் போகிறாள்?

“உன் தெருவை மூடிடுவாங்களேன்னு துடிக்கிற. அதானே? இது ஏழாம் வார்டு வாய்னு எனக்குத் தெரியாதா?”

“வாய்க்கெல்லாம் வார்டு நம்பர் போட்டிருக்கா சார்? நீங்க எங்க பொறந்தீங்க?”

“பெரிய ஆஸ்பத்திரியிலதான். ஏன்?”

“அப்போ நீங்களும் ஏழாம் வார்டு.”

“அது எப்படி? எங்க வீடு ஒன்பதாம் வார்டு.”

“செத்தவங்களுக்கும் வீடு இருந்துச்சு சார். ஊரே முடியாமப் போனா அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் வருது. நாம ‘இறந்த இடம்’ங்கிற கட்டத்தை மட்டும் பாத்து ஏழு, ஏழுன்னு எழுதித் தள்ளுறோம். அதுக்குக் கீழேயே முகவரிக் கட்டம் இருக்கு. ஒருத்தரும் படிக்கிறதில்ல.”

அதிகாரி தேநீரைக் கீழே வைத்தார். சராசரி சொல்லி நழுவவில்லை. அலமாரிச் சாவியை எடுத்தார்.

மிளகாய் படிவங்களைப் பிரித்துக் கொடுக்க, அவர் முகவரியைப் படிக்க, அக்கா கோடு போட்டாள்.

“ரெண்டு… ஆறு… ரெண்டு… ரெண்டு… என்னம்மா இது, எல்லாம் ரெண்டாவே வருது?”

எரிச்சலோடு தொடங்கிய குரல் போகப் போக இறங்கியது. எண் என்று அவர் கூட்டிக்கொண்டிருந்த ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் இருந்ததை இன்றுதான் பார்க்கிறார்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கணக்கு முடிந்தது. ஏழாம் வார்டு பதினாறு. இரண்டாம் வார்டு நூற்றெழுபது.

“ரெண்டாம் வார்டுல நோயே இல்லைன்னு பச்சைப் புள்ளி வெச்சு, டெஸ்ட் வண்டியைக்கூட நிறுத்திட்டோமே” என்றார்.

“அதனாலதான் சார் இவ்வளவு பேர்.” வந்ததிலிருந்து முதல் முறையாக அவள் குரல் தணிந்திருந்தது.

அக்கா பட்டியலில் ‘ஏழு’ என்பதை எடுத்துவிட்டு ‘இரண்டு’ என்று அடித்தாள். அதிகாரி கையெழுத்துப் போட்டார். பட்டியல் மேலே போனது. அவருக்கே மனசு லேசாகிவிட்டது.

“பொழச்சுக்கிட்டே போ. இன்னைக்கு உன் தெருவே உன்னைத் தோள்ல தூக்கி வெச்சு ஆடப் போகுது பாரு.”

மிளகாய் சிரித்தாள். ஒரு தாளை அவர் மேஜையில் வைத்தாள். மேஜைக்கு அடியிலிருந்து இரண்டு பைகளையும் இழுத்து தோளுக்கொன்றாக மாட்டிக்கொண்டாள். மூட்டை தூக்குகிறவர் மகள். தூக்கிய விதத்திலேயே தெரிந்தது.

“வர்றேன் சார். வர்றேன்க்கா. ஆறு மணிக்குள்ள வீடு போய்ச் சேரணும்.”

தாளைப் பார்த்தார் அதிகாரி. ஒரு மாத விடுப்பு விண்ணப்பம்.

“அதான் தப்பிச்சாச்சே, அப்புறம் எதுக்கு லீவு?” என்று அவர் நிமிர்வதற்குள் அவள் வாசலைத் தாண்டியிருந்தாள்.

அவர் மறுபடி குனிந்தார். இந்த முறை முகவரிக் கட்டத்தைப் படித்தார்: ‘மூன்றாம் சந்து, இரண்டாம் வார்டு.’ அதற்குக் கீழே, ‘காரணம்: எங்கள் வார்டு மூடப்பட்டுள்ளது.’

போட்டிருந்த தேதி, நேற்று.