நாலாவது ஆள்

"இவனை யாருடா கூப்பிட்டது?"

படகுத்துறையில் மருந்துக்கடைக்காரர் தோளில் பையோடு நிற்பதைப் பார்த்ததும் டெய்லருக்குச் சுருக்கென்றது.

"போட்டோகிராபருக்கு ஏதோ அவசர வேலையாம், கழண்டுக்கிட்டான். அந்த இடத்துல நான் வரேன்னு இவனா வந்து நிக்கிறான்," என்றார் பஸ் டிரைவர்.

"தூண்டில்ல எது தலை எது வால்னு தெரியாது. இவனுக்கு எதுக்குடா கடலு?"

மூன்று வருஷமாகப் பேசிப் பேசியே தள்ளிப்போன பயணம். ஒரு பகல் நடுக்கடலில் மீன்பிடிப்பு, அன்றைக்கு மணல்திட்டில் கூடாரம், மறுநாள் காலை மறுபடியும் தூண்டில். டெய்லருக்கு ஒரு வாரமாகக் கத்திரிக்கோல் கையில் நிற்கவில்லை. ஒருத்தர் சட்டைக்கு இன்னொருத்தர் காலரை வைத்துத் தைத்து வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

படகு கிளம்பிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மருந்துக்கடைக்காரர் விளிம்பில் தலையைத் தொங்கப் போட்டுவிட்டார்.

"ஊருக்கெல்லாம் மாத்திரை குடுக்கிறவன், நீ ஒண்ணு போட்டுக்கிட்டு வரக்கூடாதா?" டிரைவர் கேட்டார்.

"ரெண்டு போட்டேன். ரெண்டும் இப்பத்தான் வெளியே போச்சு."

"தம்பிகளா, அங்க பாருங்க," என்று படகுக்காரம்மா கைகாட்டினார். பறவைகள் தண்ணீரில் விழுந்து விழுந்து எழுந்தன. "கீழே கூட்டமா மீன் நிக்குது. போடுங்க தூண்டிலை."

போட்ட வேகத்தில் டெய்லரின் தூண்டில் வில்லாக வளைந்தது. நைலான் நரம்பு சர்ரென்று ஓடியது. டெய்லர் காலை ஊன்றிக்கொண்டு நரம்பைச் சுற்ற, மீன் இழுக்க, டிரைவர் பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டார்.

"விடாதே, விடாதே. பஸ்ஸே மாட்டியிருக்குடா."

கால் மணி நேரப் போராட்டம். பளபளவென்று பெரிய பாரை மீன் ஒன்று படகை ஒட்டி மேலே வந்தது. அத்தனை பெரிய மீனை டெய்லர் சந்தையில்கூடப் பார்த்ததில்லை.

"டேய், உன் காலடியில கைவலை இருக்கு பாரு. எடு, கோரி எடு," என்று மருந்துக்கடைக்காரரைப் பார்த்துக் கத்தினார் டெய்லர்.

மருந்துக்கடைக்காரர் வலையை எடுத்தார். எழுந்தார். அடுத்த நொடி வலையை விட்டுவிட்டு மறுபக்க விளிம்புக்குத் தாவினார். படகு சாய்ந்தது. நரம்பு பட்டென்று அறுந்தது. பாரை போயே போய்விட்டது.

டெய்லர் வாயில் வந்ததையெல்லாம் பேசினார். "வந்து தொலைச்சியே, கரையில உக்காந்து மாத்திரை எண்ண வேண்டியதுதானே? உன்னால எனக்கு எல்லாம் நாசம்."

மருந்துக்கடைக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்கடா," என்றார். அவ்வளவுதான்.

சாயங்காலம் மணல்திட்டில் பிடித்த மீன்களைச் சுட்டுத் தின்றார்கள். மருந்துக்கடைக்காரர் வெறும் தண்ணீர் குடித்துவிட்டுக் கூடாரத்தில் சுருண்டு படுத்தார். மறுநாள் காலை அவரைத் திட்டிலேயே விட்டுவிட்டுப் போனவர்களுக்கு அடித்தது யோகம். டெய்லர் மட்டும் ஐந்து பாரை. ஒன்று, முதல் நாள் தப்பியதற்கு அண்ணன் மாதிரி இருந்தது. டிரைவர் பாட ஆரம்பிக்க, டெய்லர் படகின் பலகையில் தாளம் போட்டார். வாழ்க்கையில் இப்படி ஒரு காலைப்பொழுது அவருக்கு வாய்த்ததில்லை.

திட்டிலிருந்து அவரை ஏற்றிக்கொண்டு கரைக்கு வந்ததும் மருந்துக்கடைக்காரர் தள்ளாடிக்கொண்டே போய் ஒரு நிழலில் உட்கார்ந்தார். டெய்லர் படகுக்காரம்மாவிடம் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, அடுத்த மாசமும் வரோம். நானும் டிரைவரும், போட்டோகிராபரும். மூணே பேர். இந்தப் பீடை வேணாம்."

படகுக்காரம்மா கயிற்றைக் கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"வெறும் ரெண்டு பேருக்கு நான் படகு எடுக்கிறதில்லை தம்பி, கட்டுப்படியாகாது. இந்தத் தடவை போட்டோகிராபர் வரலைன்னு போன் பண்ணப்பவே, அப்போ பயணமே கிடையாதுன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன்."

"அப்புறம் எப்படி எடுத்தீங்க?"

"போட்டோகிராபர் சொல்லி விஷயம் தெரிஞ்சு உங்க மருந்துக்கடைக்காரர்தான் வந்தார், உங்ககிட்ட சொல்லாதீங்கன்னும் கேட்டுக்கிட்டார். ஆனா ரெண்டு நாளா உங்க பேச்சைக் கேட்டப்புறம் என்னால வாயைக் கட்டிக்கிட்டு இருக்க முடியலை." நிழலில் கண்ணை மூடிக் கிடந்தவரைப் பார்த்தபடி சொன்னார்: "முந்தாநாள் என் வீட்டு வாசல்ல வந்து நின்னார். 'சின்ன வயசுலேருந்தே எனக்குப் படகு ஆகாதுக்கா, ஏறினா உயிர் போயிடும். ஆனா நாளைக்குப் போகலைன்னா எங்க டெய்லரோட வாடின முகத்தை என்னால பார்க்க முடியாது. என்னையும் ஒரு தலையா எண்ணிக்குங்க'ன்னார்."