ஒரே ஒரு பங்கு

மருந்துக்கடை அக்கா கைப்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். உள்ளே செக்கச்செவேலென்று ஏதோ தளும்பியது. டானிக் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் பங்குத் தரகர்.

"தம்பி, ஆத்தோரம் இருக்கே சாயக் கம்பெனி, அதுல எனக்கு ஒரு பங்கு வாங்கிப் போடுங்க."

தரகருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இந்த அக்காவின் தலையில் ஒரு பங்கைக் கட்ட அவர் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. சிகரெட் கம்பெனி என்றால், "இருமலுக்கு மருந்தும் வித்துட்டு அதுலயும் லாபம் பாக்கறதா?" என்பாள். சாராயக் கம்பெனி என்றால் எழுந்தே போய்விடுவாள்.

"லாபம் கம்மின்னாலும் பரவாயில்ல தம்பி, படுத்தா தூக்கம் வரணும்" என்பது அவள் பல்லவி. கேட்கச் சலிப்பாக இருந்தாலும், இப்படியும் ஒருத்தி இருக்கிறாளே என்று தரகருக்கு உள்ளூரப் பெருமைதான்.

"அக்கா, அவங்க கழிவாலதானே நம்ம தெருக் கிணறே பாழாப்போச்சு? நீங்கதானே வீடுவீடா அலைஞ்சு கையெழுத்து வாங்கினீங்க?"

"வாங்கி என்ன கண்டேன்? மூணு தடவை போனேன், கேட்டுக்குள்ளயே விடல."

"அதுக்காக அவங்களோடயே சேர்ந்துக்கறதா?"

"அப்படித்தான் வச்சுக்கங்களேன். மாசக் கடைசிக்குள்ள எம்பேருக்கு வந்துடும்ல?"

டிவிடெண்ட் வாங்க என்ன பறப்பு பார்! தரகருக்கு வயிறு எரிந்தது. நாளைக்குத் தெருவில் யார் முகத்தில் விழிப்பாள் இவள்?

"வாங்கறதுதான் வாங்கறீங்க, நூறா வாங்கிடுங்களேன்" என்றார் குத்தலாக.

"ஒண்ணு போதும் தம்பி."

வேண்டாவெறுப்பாகக் கம்ப்யூட்டரைத் தட்டி வாங்கி முடித்தார். மனசு ஆறவில்லை.

"நெஞ்சை அடைக்குதுக்கா. அந்த டானிக்லயாவது ஒரு வாய் குடுங்க" என்று பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினார்.

"ஐயையோ, வாயில வச்சுடாதீங்க!" அக்கா பாய்ந்து பிடுங்கினாள். "அது நம்ம கிணத்துத் தண்ணி!"

"கிணத்துத் தண்ணியா? இதை எங்கே தூக்கிட்டு அலையறீங்க?"

அக்கா பாட்டிலைப் பத்திரமாகக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அடுத்த மாசம் பங்குதாரர் கூட்டத்துக்குப் போனா கேட்ல தடுக்க முடியாதுல்ல? மொதலாளிக்கு ஒரு டம்ளர் ஊத்திக் குடுக்கணும்!"