கடைசி வாசல் அரக்கன்

அந்நியர் முன்னே வள்ளியம்மைக்கு நா எழாது. கணவர் காலொடிந்து படுத்துவிட்டார்; பாகூர்க் கடைவீதியில் மளிகைக் கடையை நாளை முதல் அவள்தான் நடத்தியாக வேண்டும்.

மாமியார் அழைத்துவர, மனநல மருத்துவர் அந்தோணிசாமி மருந்தெழுதாமல் தாயக்கட்டையை மேசைமேல் வைத்தார்.

"நீங்க ராணி. நான் கதை சொல்வேன், நீங்க ராணியாவே பேசணும். ஜெயிக்கிறதும் தோக்கறதும் கட்டை சொல்லும்."

கட்டை உருண்டது. வள்ளியம்மை புலியை அதட்டினாள். கள்வரைக் கைகட்டி நிற்கவைத்தாள். வெளியே அமர்ந்திருந்த மாமியாரின் செவிக்கே அக்குரல் எட்டியது.

"கடைசி வாசல்மா. காவலுக்கு ஓர் அரக்கன், பேரு சிங்காரவேலு. பேரைச் சொல்லி அதட்டுனா ஓடிடுவான்."

சூரனை வென்றவன் திருப்பெயரை அரக்கனுக்கே சூட்டிவிட்டார் மருத்துவர். வள்ளியம்மையின் வாய் இறுகியது.

"சாமி பேருன்னு பாக்கறீங்களா? முருகன் கோவிச்சுக்க மாட்டாரும்மா."

அவள் தலைகுனிந்தாள், கண் தளும்பியது. நோய் திரும்பிவிட்டதென்று வருந்தி, அவர் கட்டையை எடுத்துவைக்கப் போனார்.

"பயமில்ல டாக்டர்," என்றாள் மெல்ல. "அது எங்க வூட்டுக்காரர் பேரு. நான் எப்படி வாயால சொல்லுவேன்?"

மருத்துவர் நாவைக் கடித்துக்கொண்டார். "அப்போ அரக்கனுக்கு என் பேரையே வச்சுக்குங்கம்மா."

வள்ளியம்மை நிமிர்ந்தாள்.

"அடேய் அந்தோணிசாமி! வழிய வுடுடா!"

காத்திருந்த நோயாளிகள் திடுக்கிட்டு எழுந்தார்கள். மாமியார் மட்டும் கைகூப்பினாள்.

"முருகா! நாளைக்கே கடையைத் தெறந்துடலாம். அந்த டாக்டருக்கு யாராச்சும் ஒரு சோடா வாங்கிக் குடுங்கப்பா!"